ஒரே ரயில், மூன்று மின்சாரங்கள்: பிரஸ்ஸல்ஸிலிருந்து கொலோன் வரை

ஐரோப்பிய நகரங்களை ரயிலில் சுற்றிவரப் பல ஆண்டுகளாகத் திட்டமிட்டுக் கிளம்புகிறவர்கள், பிரஸ்ஸல்ஸுக்கும் கொலோனுக்கும் இடையிலான இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான பயணத்தைப் பெரும்பாலும் ஜன்னலை வேடிக்கை பார்த்தபடியே கடந்துவிடுகிறார்கள். வண்டி மாற வேண்டியதில்லை. பெல்ஜியம் முடிந்து ஜெர்மனி தொடங்கும் இடம் எதுவென்றும் தெரிவதில்லை. ஆனால் காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சில இடங்களில் குளிர்சாதனத்தின் இரைச்சல் சட்டென நின்று, சிறிது நேரத்தில் மீண்டும் தொடங்குவதைக் கவனிக்கலாம். பேட்டரி இருப்பதால் விளக்குகள் அணைவதில்லை. அந்தச் சிறு இடைவெளியில் ரயில் ஒரு வகை மின்சாரத்தை விட்டுவிட்டு இன்னொரு வகைக்கு மாறிவிடுகிறது.

இது ஒருமுறை நடந்து முடிவதன்று. பிரஸ்ஸல்ஸிலிருந்து புறப்படும்போது மேலே உள்ள கம்பியில் 3,000 வோல்ட் நேர்மின்னோட்டம், அதாவது ஒரே திசையில் பாயும் மின்சாரம், ஓடுகிறது. லூவனைத் தாண்டி அதிவேகப் பாதையில் ஏறியதும் அது 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டமாகிறது, அதாவது நொடிக்கு 50 சுற்றுகளாகத் திசை மாறி மாறிப் பாயும் மின்சாரமாகிறது. லியேஜ் நிலையத்துக்குள் நுழைகையில் மறுபடியும் 3,000 வோல்ட். அதன் பின் எல்லையை நோக்கிச் செல்லும் அதிவேகப் பாதையில் மறுபடியும் 25,000. ஜெர்மனிக்குள் 15,000 வோல்ட், 16.7 ஹெர்ட்ஸ். எல்லையை ஒட்டிய ஆகன் நிலையத்தில் சில தடங்களின் மேல்கம்பியில், வந்து நிற்கும் வண்டிக்கு ஏற்ப பெல்ஜிய மின்சாரத்தையோ ஜெர்மானிய மின்சாரத்தையோ செலுத்தும் ஏற்பாடே செய்துவைத்திருக்கிறார்கள்.

ஏன் இத்தனை வகைகள்? ஒவ்வொன்றும் அதனதன் காலத்தில் சரியான விடையாக இருந்ததுதான் காரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயிலை இழுக்க மிகப் பொருத்தமாக இருந்தது நேர்மின் மோட்டார். ஆகவே நெதர்லாந்தும் தெற்குப் பிரான்சும் 1,500 வோல்ட்டையும், பெல்ஜியமும் இத்தாலியும் 3,000 வோல்ட்டையும் தேர்ந்தெடுத்தன. இதன் குறை, மின்னழுத்தம் (வோல்ட் அளவு) தாழ்வாக இருப்பது. கொலோன் செல்லும் அதிவேக ரயிலின் முழுத்திறன் 8,800 கிலோவாட். அதை 25,000 வோல்ட்டில் பெறச் சுமார் 350 ஆம்பியர் போதும். 3,000 வோல்ட்டில் 2,900 ஆம்பியருக்கு மேல் வேண்டும். கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அதே கம்பியாக இருந்தால் இழப்பு ஏறத்தாழ எழுபது மடங்காகிவிடும். இதனால்தான் நேர்மின் பாதைகளில் கம்பிகள் தடிமனாகவும் துணை மின்நிலையங்கள் நெருக்கமாகவும் இருக்கின்றன. அப்படியும் அங்கே இந்த ரயில் தன் முழுத்திறனைக் காட்ட முடிவதில்லை.

ஜெர்மானியப் பொறியாளர்கள் உயர் அழுத்தத்தின் பயனை முன்கூட்டியே உணர்ந்து மாறுமின்னோட்டத்தை நாடினார்கள். மின்மாற்றியைக் கொண்டு அழுத்தத்தை எளிதாகக் கூட்டலாம், குறைக்கலாம் என்பது அதன் வசதி. ஆனால் அக்காலத்து மோட்டார்களில் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் தூரிகைகளில், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் பாய்ந்தால் கடுமையாகப் பொறி பறந்தது. பொறியைத் தூண்டும் மின்னழுத்தம் அதிர்வெண்ணோடு சேர்ந்து உயர்வதால், அதிர்வெண்ணை மூன்றில் ஒன்றாகக் குறைத்து, 16⅔ ஹெர்ட்ஸில் 15,000 வோல்ட் என்று 1912-இல் ஜெர்மானிய மாநிலங்களான பிரஷ்யா, பவேரியா, பாடன் ஆகியவற்றின் ரயில்வேக்கள் உடன்பட்டன. சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் அதே முறைக்கு வந்தன. அதற்கான விலையை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்: இந்த அதிர்வெண் வீடுகளுக்கு வரும் மின்சாரத்துக்கு ஒத்துவராது என்பதால், ரயில்வேக்கென்றே தனி மின்கட்டமைப்பு தேவைப்படுகிறது. பவேரியாவின் வால்ஹன்சே நீர்மின் நிலையத்தில் ரயில்வேக்காகவே தனி மின்னாக்கிகள் சுழல்கின்றன. பொதுக் கட்டமைப்பிலிருந்து மின்சாரத்தை மாற்றித் தரும் சுழல் இயந்திரங்களில், சரியாக மூன்றில் ஒன்று என்ற விகிதம் நிலைத்தால் ஒரே சுற்று தொடர்ந்து சூடேறும் தொல்லை இருந்தது. விகிதத்தைச் சற்றே விலக்கி வைக்க, 1995-இல் அளவை 16.7 ஹெர்ட்ஸ் என்று மாற்றினார்கள்.

இதில் வரலாற்றின் வேடிக்கை ஒன்று உண்டு. தென்மேற்கு ஜெர்மனியின் கருங்காடு மலைப்பகுதியில் உள்ள ஹொல்லன்டால் பாதையில் 1936-இலேயே ஜெர்மானியர்கள் 20,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். போருக்குப் பின் அப்பகுதி பிரெஞ்சு ஆக்கிரமிப்பு மண்டலத்தில் சேர்ந்தது. லூயி அர்மான் போன்ற பிரெஞ்சுப் பொறியாளர்கள் அந்தப் பாதையை ஆராய்ந்து, தங்கள் நாட்டில் வளர்த்தெடுத்து, 1950-களில் 25,000 வோல்ட் முறையாக நிலைநாட்டினார்கள். பின்னாளில் வந்த அதிவேகப் பாதைகளில் பெரும்பாலானவை இதையே ஏற்றன. இந்திய ரயில்வேயும் பிரெஞ்சு ரயில்வேயின் துணையோடு இதே முறைக்கு மாறியது. சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931 முதல் ஓடியதோ 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம்.

இனி மாற்றம் எப்படி நிகழ்கிறது என்று பார்ப்போம். இரு மின்சாரங்கள் சந்திக்கும் இடத்தில் கம்பியின் ஒரு பகுதி மின்சாரமே இல்லாமல் விடப்பட்டிருக்கும். அதற்கு முன்பே தண்டவாளத்தின் ஓரத்தில் நீல நிறச் சதுரப் பலகைகள் முனையில் நிற்பதுபோல நட்டிருக்கும். அவற்றில் உள்ள வெள்ளைக் குறிகள் ஒவ்வொன்றும் ஓட்டுநருக்கு ஒரு கட்டளை. முதலில் பிரதான மின்துண்டிப்பானைத் திறக்க, அதாவது மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பிறகு கூரையின் மேல் கம்பியை உரசிக்கொண்டிருக்கும் பாண்டோகிராஃபைத் தாழ்த்த வேண்டும். நானூறு டன்னை நெருங்கும் ரயில் தன் உந்தத்தாலேயே இடைவெளியைக் கடக்கும். அப்பால் புதிய மின்சாரத்துக்குரிய பாண்டோகிராஃப் உயரும். எழுந்ததும் கம்பியில் இருப்பது எதிர்பார்த்த மின்சாரம்தானா என்று கருவிகள் சரிபார்த்த பின்பே துண்டிப்பான் மூடிக்கொள்ளும். இந்த வரிசை பிசகினால் இரு கட்டமைப்புகளும் வண்டியின் வழியாகவே இணைந்து விபரீதமாகிவிடும்.

வண்டிக்குள் நடப்பதும் சுவையானது. மாறுமின்னோட்டம் வந்தால் அது மின்மாற்றியில் இறங்கி, நேர்மின்னோட்டமாக்கப்பட்டு, ஓர் இடைநிலைச் சுற்றை அடைகிறது. நேர்மின்னோட்டம் வந்தால் மின்மாற்றிக்கு வேலையில்லை. அந்தச் சுற்றுக்குப் பிந்தைய பகுதிகள் எல்லா மின்சாரங்களுக்கும் பொது: மின்னணுக் கருவிகள் அதை வேகத்துக்கேற்ற மும்முனை மின்சாரமாக்கி மோட்டார்களுக்கு ஊட்டுகின்றன. அதிர்வெண் குறையக் குறைய மின்மாற்றிக்குப் பெரிய இரும்பு உள்ளகம் வேண்டும் என்பதால், 1912-இன் முடிவு இன்றைய வண்டியின் எடையிலும் தொடர்கிறது. இவ்வளவும் மலிவான மின்னணுவியல் வந்த பிறகே எளிதாயிற்று. அதற்கு முன் எல்லை நிலையங்களில் இஞ்சினைக் கழற்றி வேறொன்றை மாட்டுவதே வழக்கம். நாடு முழுவதும் கம்பிகளையும் துணை மின்நிலையங்களையும் ஓடும் வண்டிகளையும் ஒருசேர மாற்றுவதைவிட, எல்லை தாண்டும் சில வண்டிகளின் கூரையிலும் வயிற்றிலும் செலவிடுவது லாபம் என்பதால்தான் மின்சாரங்கள் இன்னும் ஒன்றாகவில்லை.

கூரையில் பாண்டோகிராஃப் ஒன்றுக்கு மேல் இருப்பதற்கு மின்னழுத்தம் மட்டும் காரணமன்று. கம்பியை உரசும் கரிப்பட்டை ஒரே இடத்தில் தேயாதிருக்கக் கம்பியை நேராக இழுக்காமல் இடவலமாக வளைத்துக் கட்டுகிறார்கள். அந்த வீச்சு நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மானியப் பாண்டோகிராஃபின் தலை 1,950 மில்லிமீட்டர் அகலம். சுரங்கங்கள் மிகுந்த சுவிட்சர்லாந்தில் 1,450 மில்லிமீட்டர்தான்.

மின்சாரச் சிக்கலை வண்டியளவில் தீர்த்துவிட்டார்கள். சைகைச் சிக்கல் அப்படித் தீரக்கூடியதன்று. ஓட்டுநர் வேகத்தை மீறினால் பிரேக் போடவைக்கும் பாதுகாப்பு முறையையும் ஒவ்வொரு நாடும் தனித்தனியே வகுத்துக்கொண்டதால், 1990-களில் இந்தத் தடத்துக்காகக் கட்டப்பட்ட, முன்பு தாலிஸ் என்றும் 2023 முதல் யூரோஸ்டார் என்றும் அழைக்கப்படும் வண்டிகள், ஏழு விதமான முறைகளுக்கான கருவிகளைச் சுமக்க நேர்ந்தது. லியேஜுக்குக் கிழக்கே உள்ள அதிவேகப் பாதை ஐரோப்பியப் பொதுச் சைகை முறையோடுதான் கட்டப்பட்டது. ஆனால் பொது முறைக்கு வண்டியிலும் தண்டவாளத்திலும் ஒருங்கே கருவி வேண்டும். ஒரு நாடு தன் பாதைகளில் அதைப் பொருத்தி முடிக்கும்வரை, அங்கு செல்லும் எந்த வண்டியும் அந்த நாட்டின் பழைய கருவியை இறக்கிவைக்க முடியாது.