கோஸ்டோகான்ட்ரைடிஸ்: விலாக் குருத்தெலும்பு அழற்சி

விலா எலும்புகள் குருத்தெலும்பு வழியாக நடுநெஞ்செலும்போடு சேரும் இணைப்புகளில் வரும் வலிதான் கோஸ்டோகான்ட்ரைடிஸ். லத்தீனில் ‘கோஸ்டா’ விலா எலும்பு. கிரேக்கத்தில் ‘கான்ட்ரோஸ்’ முதலில் தானிய மணியையும் பிறகு குருத்தெலும்பையும் குறித்தது. ‘ஐடிஸ்’ அழற்சிக்கான பின்னொட்டு. இல்லாத நோயை எண்ணி அஞ்சுவதைச் சொல்லும் ‘ஹைப்போகான்ட்ரியா’வும் இந்தக் கான்ட்ரோஸின் வழி வந்ததே. விலாக் குருத்தெலும்புக்குக் கீழேயுள்ள உறுப்புகளில்தான் மனவாட்டம் பிறக்கிறது என்று பழைய மருத்துவம் நம்பியது.

தமிழில் ‘விலாக் குருத்தெலும்பு அழற்சி’ சரியான பெயர். ‘மார்புச் சுவர் வலி’ என்றும் எழுதுகிறார்கள். தசைப்பிடிப்பு, விலா முறிவு, அக்கி வலி எல்லாம் அதில் அடங்கிவிடும் என்பதால் அது நிகரன் ஆகாது. பேச்சில் புழங்கும் ‘வாயுப் பிடிப்பு’ இன்னும் மோசம். மாரடைப்பையும் அதே பெயரில் அழைத்து, சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறவர்கள் உண்டு.

‘அழற்சி’ என்ற பகுதியே சற்றுச் சந்தேகத்துக்குரியதுதான். பெரும்பாலானவர்களுக்கு வீக்கமோ சிவப்போ சூடோ இருக்காது. ரத்தப் பரிசோதனையிலும் அழற்சிக்கான தடயம் பொதுவாகக் கிடைக்காது. கண்ணுக்குத் தெரியும் வீக்கம் இருந்தால் அது ‘டீட்சே நோய்க்குறி’. ஜெர்மானிய அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் டீட்சே 1921இல் விவரித்தது. அது பெரும்பாலும் 2 அல்லது 3ஆம் விலாவில், ஒரே இணைப்பில் வரும். கோஸ்டோகான்ட்ரைடிஸ் வழக்கமாக 2 முதல் 5 வரையிலான விலாக்களில் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகளைப் பிடிக்கும்.

இதைக் காட்டித்தரும் ஸ்கேனோ ரத்தச் சோதனையோ இல்லை, கைதான் கருவி. கழுத்துக் குழியிலிருந்து நடுநெஞ்செலும்பின் மேல் விரலை இறக்கினால் ஒரு மேடு தட்டும். அதன் பக்கவாட்டில் இருப்பது 2ஆம் விலா. அங்கிருந்து ஒவ்வொரு இணைப்பாக ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டே இறங்க வேண்டும். நோயாளியைத் தொல்லைப்படுத்தும் அதே வலி அழுத்தும்போது திரும்ப வர வேண்டும். வெறும் ‘தொட்டால் நோகுது’ போதாது. தும்மல், இருமல், ஆழ்ந்த மூச்சு, கையை மார்புக்குக் குறுக்கே இழுப்பது ஆகியவற்றாலும் வலி கூடும்.

வழுக்குவது இங்கேதான். அழுத்தினால் வலிக்கிறது என்பதற்காக இதயம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது; மாரடைப்பு வந்தவர்களிலும் சிலருக்கு நெஞ்சைத் தொட்டால் வலிக்கும். 35 வயதைத் தாண்டியவர், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர் என்றால் ஈசிஜி எடுத்த பிறகே இந்தப் பெயரைச் சூட்ட வேண்டும். வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி இருந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சலும் இருமலும் சேர்ந்தால் மார்பு எக்ஸ்ரே.

சிகிச்சை எளிது, பொறுமைதான் வேண்டும்: பெரும்பாலும் சில வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள். பாரம் தூக்குவதையும் தண்டால் எடுப்பதையும் நிறுத்த வேண்டும். துணி சுற்றிய வெந்நீர்ப் பையால் ஒரு முறைக்கு 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால், அல்லது மருத்துவர் சொல்லும் நாட்களுக்கு உணவுக்குப் பின் இபுப்ரோஃபென். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இபுப்ரோஃபெனைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது. வாசற்படியில் நின்று, இரு முன்கைகளையும் கதவு நிலையில் ஊன்றி மெல்ல முன்னே சாயும் நீட்சிப் பயிற்சி இறுகிய மார்புத் தசையைத் தளர்த்தும். எதற்கும் மசியாத வலிக்கு மட்டும் இணைப்பின் அருகே மரப்பு மருந்தும் ஸ்டீராய்டும் ஊசியாகப் போடுவார்கள். நுரையீரல் உறை அதற்கு வெகு அருகில் இருப்பதால் பழகிய கை போட வேண்டிய ஊசி அது.