தண்ணீர் ஊற்றும் முன் விரலை விட்டுப் பாருங்கள்

மாடித்தோட்டம் போட்டுக் கொடுப்பதும், போட்ட தோட்டம் வாடினால் போய்ப் பார்ப்பதும்தான் 11 வருஷமாக என் தொழில். சென்னையிலும் புறநகரிலும் ஒரு வீட்டு மாடிக்கு ஏறியதும் நான் முதலில் பார்ப்பது இலையை அல்ல, செடி வைத்த பையின் அடியை. அங்கே பாசி படிந்து, துளைகள் அடைத்து, தரை எந்நேரமும் ஈரமாக இருந்தால் செடிக்கு என்ன கேடு என்று பாதி புரிந்துவிடும்.

தண்ணீர் இல்லாமல் செத்த செடிகளைவிடத் தண்ணீர் மிஞ்சிச் செத்த செடிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் இடைவெளி முழுக்கத் தண்ணீர் நின்றுவிட்டால் வேர் மூச்சுமுட்டி அழுகும், அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் இலை தொங்கும், தொங்குவதைப் பார்த்து மனசு கேட்காமல் வீட்டில் இருப்பவர் இன்னும் ஒரு குவளை ஊற்றுவார். பாசம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஊற்றும் முன் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு உள்ளே விட்டுப் பாருங்கள். தென்னைநார்க் கழிவு கலந்த பைகளில் மேல்பக்கம் காய்ந்து வெளுத்திருக்கும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். விரல் நுனியில் ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். சித்திரை வெயிலில் தினமும் ஊற்ற வேண்டியிருக்கலாம், ஐப்பசி மழையில் ஒரு வாரம் குவளையைத் தொடவே வேண்டாம்.

குரோம்பேட்டையில் ஒருவர், ஓய்வு பெற்ற கையோடு ஒரே நாளில் 40 பை வாங்கி வைத்தார். தக்காளி, கத்தரி, மிளகாய், அவரை என்று ஒன்று விடவில்லை. இரண்டாம் மாதம் மாவுப்பூச்சி வந்தது. 40 பையில் எந்த இலைக்கு அடியில் முதலில் வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டியது என்று யாரால் கண்டுபிடிக்க முடியும்? நான் போவதற்குள் பாதிச் செடிகள் போய்விட்டன. மறுபடி தொடங்கியபோது நாலே பை வைக்கச் சொன்னேன், இரண்டு வெண்டை, ஒன்றில் தண்டுக்கீரை, ஒன்றில் கத்தரி. நாலு செடி என்றால் ஒவ்வொன்றின் இலையையும் திருப்பிப் பார்க்க நேரம் இருக்கும். பூச்சி நாலைந்து இருக்கும்போதே பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிடலாம், அதையும் மீறினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளித்தால் போதும். கீரையை 25 நாளில் பறித்தார், வெண்டையை ஒன்றரை மாதத்தில். முதல் வெண்டைக்காயை ஒடித்தபோது வந்த அந்தச் 'சடக்' சத்தத்தை எனக்குப் போன் செய்து சொன்னார்.

இன்னொன்று, எடை. ஓர் அடி அகலம் ஓர் அடி உயரமுள்ள வட்டப் பையில் ஏறக்குறைய 20 லிட்டர் கலவை பிடிக்கும். அதைச் செம்மண்ணால் மட்டும் நிரப்பி நனைத்தால் 30 கிலோவைத் தாண்டும். அப்படி 20 பை என்றால் 600 கிலோ, அதையும் பால்கனியின் ஓரமாக வரிசை கட்டி வைத்தால் பழைய கட்டடம் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தென்னைநார்க் கழிவு, தொழுவுரம் அல்லது மண்புழு உரம், கொஞ்சம் செம்மண் என்று கலந்தால் எடை வெகுவாகக் குறையும். நார்க் கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசிப் பிழியுங்கள், அதிலுள்ள உப்பு நாற்றைக் கருக்கிவிடும். கைப்பிடிச் சுவர் மேல் மட்டும் தொட்டியை வைக்காதீர்கள். காற்றடித்து விழுந்தால் கீழே போகிறவர் தலை.

அப்புறம் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டில் தேங்கும் தண்ணீரே தாராளம். முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒரு முறை தட்டைக் காலி செய்யுங்கள், ஆனால் கவிழ்ப்பதோடு விடாமல் ஓரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

பால்கனியில் வெயில் மூன்று மணி நேரம்தான் விழுகிறதா? தக்காளிக்கு ஆசைப்பட வேண்டாம். புதினா, கற்பூரவல்லி, வெந்தயக்கீரை போதும், அதிலேயே மனசு நிறையும்.

பெரம்பூரில் ஓர் அம்மா மூன்றாவது மாடியில் ஆடிப்பட்டத்தில் பீர்க்கை போட்டிருந்தார். பந்தல் முழுக்கக் கொடி. "பூக்குது, பிஞ்சு வைக்குது, நாலு நாள்ல மஞ்சளாகி விழுந்துடுது. மருந்து ஏதாவது இருந்தா அடிச்சிட்டுப் போப்பா" என்றார். செடியில் ஒரு குறையும் இல்லை. "சாயங்காலம் வரைக்கும் இருக்கலாமா அம்மா?" என்று கேட்டேன். காபி கொடுத்தார். வெயில் இறங்கியதும் பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கீழே போய்விடுகிறவர் அவர், பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும் என்று அவருக்குத் தெரியாது. மூடியிருந்த மொட்டுகள் ஒவ்வொன்றாக இதழ் பிரிந்து மஞ்சளாக விரிந்தன. நம் தோட்டத்துப் பீர்க்கம்பூவில் கொஞ்சம் பறித்துப் போய், பிரிவில் என் உடம்பில் படர்ந்த பசலையின் நிறத்தைத் தலைவனிடம் காட்டமாட்டார்களா என்று ஏங்கும் சங்கப் பாட்டின் தலைவியை எனக்கு அந்த மஞ்சளைப் பார்க்கும்போதெல்லாம் நினைவு வரும்.

அந்தி நேரத்தில் பூவுக்கு வரும் பூச்சிகள் அந்த மாடிக்கு வந்துபோவதாகத் தெரியவில்லை, மகரந்தம் சேராத பிஞ்சுதான் அப்படி மஞ்சளாகி உதிரும். காம்புக்கும் இதழுக்கும் நடுவில் சுண்டுவிரல் அளவு பிஞ்சு இருந்தால் பெண் பூ, வெறும் காம்பு மட்டும் என்றால் ஆண் பூ. ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழை உரித்து, நடுவில் இருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டு எடுத்தேன். அடுத்த பூவை அவரே செய்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு. கையில் ஒட்டிய மஞ்சளைத் துடைக்காமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. தொட்ட ஐந்தில் நாலு காய் பிடித்துவிட்டதாம். மூன்றை நார் கட்டும் முன் பறித்துக் கூட்டு வையுங்கள், ஒன்றை மட்டும் கொடியிலேயே விட்டுவிடுங்கள் அம்மா, நன்றாகக் காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும் வரைக்கும் என்றேன்.