பிரெட்டை ஏன் காயவைக்க வேண்டும்? தேங்க்ஸ்கிவிங் ஸ்டஃபிங்கின் அறிவியல்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை, நன்றி சொல்லும் விழாவான தேங்க்ஸ்கிவிங். 1863-ல் ஆபிரகாம் லிங்கன் இதை நாடு முழுவதும் கொண்டாடும் நாளாக அறிவித்தார். நான்காவது வியாழன்தான் என்பதை 1941-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டமாக்கியது. அன்றைய விருந்தில் மேசையின் நடுவில் முழு வான்கோழி இருக்கும். படம் எடுப்பவர்கள் எல்லாம் அதைத்தான் எடுப்பார்கள். பக்கத்தில் கண்ணாடிப் பாத்திரத்தில் இருக்கும் ஸ்டஃபிங்கை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் அந்த மேசையிலேயே அதிகமான அறிவியல் நடப்பது அதில்தான் என்பது என் கட்சி.

ஸ்டஃபிங் என்பது இதுதான்: காய்ந்த பிரெட் துண்டுகள், வறுத்து உதிர்த்த பன்றிக்கறி சாசேஜ், வெண்ணெயில் வதக்கிய வெங்காயமும் செலரியும், சேஜ், தைம் போன்ற வாசனை இலைகள். இவற்றின் மேல் முட்டை கலந்த கோழிச்சாற்றை ஊற்றி ஓவனில் வேகவைப்பார்கள். நன்றாக வந்தால் மேல்பக்கம் மொறுமொறுவென்றும் உள்பக்கம் ஈரமாகவும் மிருதுவாகவும் இருக்கும். கரண்டியால் அள்ளினால் குலையாமல் வரும். சொதப்பினால் ஒன்று கூழாகும், இல்லையென்றால் தொண்டையில் அடைக்கும். இரண்டுக்கும் காரணம் தண்ணீர். பிரெட்டில் இருக்கும் வெறும் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் சுவையுள்ள தண்ணீரை ஏற்றி, அது வடிந்துபோகாமல் பிடித்துவைப்பதுதான் இந்தச் சமையலின் மொத்த வேலை.

பழைய சமையல் குறிப்புகள் பெரும்பாலும் 'நாள்பட்ட பிரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள்' என்றுதான் தொடங்கும். பிரெட் நாள்பட்டால் தண்ணீர் ஆவியாகித்தானே விறைக்கிறது என்று நாம் நினைப்போம். அது அப்படியில்லை என்று பிரெஞ்சு வேதியியலாளர் ஷான் பாப்டிஸ்ட் பூசங்கோ 1852-லேயே காட்டிவிட்டார். காற்றுப் புகாமல் அடைத்துவைத்து, துளி ஈரம்கூட வெளியேற விடாவிட்டாலும் பிரெட் விறைத்துப்போகிறது. அதையே மறுபடி சூடாக்கினால் மிருதுவாகிறது.

காரணம் மாவுச்சத்து. பிரெட் வேகும்போது மாவிலுள்ள மாவுச்சத்து மணிகள் தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன, அவற்றுக்குள் நெருக்கமாக அடுக்கியிருந்த மூலக்கூறுச் சங்கிலிகள் அவிழ்கின்றன. ஆறிய பிறகு இந்தச் சங்கிலிகள் மெதுவாக மறுபடி ஒன்றோடொன்று சேர்ந்து படிகமாகின்றன. அமைலோஸ் என்ற நேர்ச்சங்கிலி சில மணி நேரத்திலேயே சேர்ந்துவிடும். கிளைகள் கொண்ட அமைலோபெக்டினுக்குச் சில நாட்கள் ஆகும். நம் கைக்குத் தெரிகிற விறைப்பு இதுதான். ஃப்ரிட்ஜில் வைத்த நேற்றைய இட்லி கையில் ஒட்டாமல் உப்புமாவுக்கு அழகாக உதிர்கிறதே, அங்கே நடப்பதும் இதேதான். உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃப்ரிட்ஜின் குளிரில், இது மிக வேகமாக நடக்கும். சுமார் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் படிகங்கள் குலைந்து பிரெட் மறுபடி இளகும்.

இப்போது ஸ்டஃபிங்குக்கு வருவோம். நாள்பட்ட பிரெட்டின் விறைப்பு ஓவன் சூட்டில் 60 டிகிரியைத் தாண்டியதும் போய்விடும். அதற்குள் இருந்த தண்ணீரோ அப்படியே இருக்கும். ஏற்கெனவே நிரம்பியிருக்கும் இடத்தில் கோழிச்சாற்றை ஊற்றினால் கூழாகாமல் வேறென்ன ஆகும்? அதனால் பிரெட்டை நாள்பட வைப்பதைவிட ஓவனில் காயவைப்பதே சரி. காயவைப்பதென்றால் தண்ணீரை நிஜமாகவே வெளியேற்றுவது. 700 கிராம் பிரெட்டில் ஏறத்தாழ 260 கிராம் தண்ணீர் இருக்கும். இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, தட்டில் பரப்பி, 135 டிகிரியில் முக்கால் மணி நேரம்போல் வைத்து, இடையிடையே கிளறிவிட்டால் அதில் பெரும்பகுதி போய்விடும். சிவக்க வேண்டியதில்லை, கையால் நசுக்கினால் நொறுங்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் காலி செய்த இடத்தில் கோழிச்சாறு நுண்துளைகள் வழியே தானாகவே ஏறிக்கொள்ளும். பிரெட்டில் குளூட்டன் என்ற கோதுமைப் புரதத்தின் வலை வேகும்போதே இறுகிவிட்டதால், சாறு ஏறினாலும் துண்டு சட்டென்று கரையாது.

எந்த பிரெட் என்பதும் முக்கியம். பெரிய பெரிய துளைகள் உள்ள பிரெட்டில் சாறு தங்காமல் ஓடிவிடும், மேலோடும் வேகாத தோல்போல் இழுபடும். சிறிய, சீரான துளைகள் உள்ள சாதாரண வெள்ளை பிரெட்டே நல்லது என்பேன். அதிலும் கொஞ்சம் கனமானது. பிரெட் துண்டின் அளவும் துளையும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ரூத் சீம்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் கதையே சாட்சி. ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தில் மனையியல் வல்லுநராக இருந்த அவரும் உடன் பணியாற்றியவர்களும் வெந்நீர் ஊற்றினால் சில நிமிடங்களில் தயாராகும் ஸ்டஃபிங்கை உருவாக்கினார்கள். 1972-ல் அது 'ஸ்டவ் டாப்' என்ற பெயரில் கடைக்கு வந்தது, 1975-ல் காப்புரிமை கிடைத்தது. அந்தக் காப்புரிமையின் உயிர்நாடியே காய்ந்த பிரெட் துண்டு எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதுதான். ரொம்பப் பொடியாக இருந்தால் தண்ணீர் பட்டதும் பசையாகும், ரொம்பப் பெரிதாக இருந்தால் நடுவில் உலர்ந்தே கிடக்கும்.

அடுத்தது சாசேஜ். அமெரிக்கர்கள் இதற்குப் பயன்படுத்துவது குடலில் அடைக்காத காலை உணவு சாசேஜ்: பன்றியின் தோள்பட்டைக் கறி, உப்பு, மிளகு, சேஜ், தைம், கொஞ்சம் மிளகாய்த் துகள். வீட்டில் செய்வது ஒன்றும் கஷ்டமில்லை. 450 கிராம் கறிக்கு 7 கிராம் உப்பு போதும். கொழுப்பு கால் பங்காவது இருக்க வேண்டும், 30 சதவீதம் வரை போகலாம். கடையில் விற்கும் புதிய பன்றிக்கறி சாசேஜில் 50 சதவீதம் வரை கொழுப்பை அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. வீட்டில் செய்ய இதுவே ஒரு நல்ல காரணம்.

உப்பு இங்கே சுவைக்கு மட்டும் இல்லை. தசை நாரிலுள்ள மயோசின் என்ற புரதம் வெறும் தண்ணீரில் கரையாது, உப்பு பட்டால்தான் வெளியே வரும். உப்புப் போட்டு அரைத்த கறியைப் பிசையப் பிசைய அது கையில் ஒட்டத் தொடங்குகிறதே, அந்த ஒட்டும் தன்மை வெளியே வந்த மயோசின். சூடாகும்போது அது வலைபோலப் பின்னிக்கொண்டு கறியின் தண்ணீரையும் கொழுப்பையும் உள்ளே பிடித்துவைக்கிறது. அதனால்தான் நல்ல சாசேஜ் சாறோடு இருக்கிறது. கறியும் அரைக்கும் மெஷினின் தகடும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். கொழுப்பு இளகிவிட்டால் வெட்டுப்படாமல் பூசிக்கொள்ளும். அப்புறம் அது வாணலியில் எண்ணெயாகப் பிரிந்து ஓடிவிடும், மிஞ்சுவது வறண்ட கறி.

ஆனால் ஸ்டஃபிங்குக்கு ரொம்பப் பிசையக் கூடாது. அதிகம் பிசைந்தால் கறி ரப்பர்போல் துள்ளும், உதிராது. இங்கே நமக்கு வேண்டியது பிரெட் துண்டுகளுக்கு நடுவே பரவலாக விழும் சிறு சிறு உதிரிகள். மசாலா கலந்து லேசாக ஒட்டத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம்.

வறுக்கும்போது பொறுமை வேண்டும். ஈரம் போகும்வரை கறியின் மேற்பரப்பு வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே இருக்கும், அதுவரை கறி வேகுமே தவிர சிவக்காது. ஈரம் போய் வெப்பம் ஏறிய பிறகுதான் புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருட்களை உண்டாக்குகின்றன. பிரெஞ்சுக்காரரான லூயி கமில் மயார் 1912-ல் விவரித்த வினை இது. வாணலியின் அடியில் ஒட்டும் பழுப்புப் படிவும் அதே வினையின் விளைவுதான். கோழிச்சாற்றை கொஞ்சம் ஊற்றிச் சுரண்டி, அதையும் கலவையில் சேர்த்துவிட வேண்டும். அதைக் கழுவிக் கொட்டுவது பாவம்.

இறங்கிய கொழுப்பையும் கொட்ட வேண்டாம். வெண்ணெயோடு சேர்த்து அதிலேயே வெங்காயத்தையும் செலரியையும் வதக்க வேண்டும். அவை பாதி வதங்கியதும் சேஜும் தைமும் போட வேண்டும். சேஜ் இலையைத் தடவினால் வெல்வெட்போல் இருக்கும். அந்தப் பூனைமயிர்களுக்கு நடுவே எண்ணெய் சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் உள்ளன. வாசனைப் பொருட்களான துஜோன், சினியோல், கற்பூரம் எல்லாம் அவற்றில்தான். இவை கொழுப்பில் நன்றாகக் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. கோழிச்சாற்றில் நேராகப் போட்டால் பாதி வாசனை ஓவனின் காற்றோடு போகும். கொழுப்பில் வதக்கினால் அந்தக் கொழுப்பு ஒவ்வொரு பிரெட் துண்டிலும் வாசனையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தைமின் முக்கிய வாசனை தைமால், நம் ஓமத்தின் வாசனையும் அதே மூலக்கூறுதான். தைம் கிடைக்காத இடத்தில் ஓமத்தை அளவாகப் போடுபவர்கள் வேதியியல்படி சரியாகத்தான் செய்கிறார்கள். பார்ஸ்லி என்ற வாசனை இலையையும் சேர்ப்பதானால், அதன் மணம் மட்டும் சூட்டில் சீக்கிரம் ஓடிவிடும், அதைக் கடைசியில் போட்டால் போதும்.

பன்றிக்கறியும் சேஜும் ஜோடி சேர்ந்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. பன்றிக்கொழுப்பில் நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் அதிகம், காற்றுப் பட்டால் சீக்கிரம் காறிப்போகும். சேஜிலுள்ள கார்னோசிக் அமிலமும் ரோஸ்மரினிக் அமிலமும் அந்த ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கின்றன. மறுநாள் சூடுபண்ணும்போது வரும் சிக்கு வாடை சேஜ் போட்ட கறியில் குறைவாக இருப்பது இதனால்தான்.

சரி, ஏற்றிய சாறு எப்படித் தங்குகிறது? 700 கிராம் பிரெட்டுக்கு முக்கால் லிட்டர் கோழிச்சாறும் இரண்டு முட்டையும் என் கணக்கு. எலும்பை மெதுவாகக் கொதிக்கவைத்து எடுத்த சாறில் கொலாஜன் என்ற புரதம் கரைந்து ஜெலட்டினாகியிருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் அது தயிர்போல் உறையும். வாயில் அது தரும் கொழகொழப்பைத்தான் நாம் 'ஈரமாக இருக்கிறது' என்று உணர்கிறோம். கடைச்சாறில் ஜெலட்டின் பெரும்பாலும் குறைவு, ஒரு பாக்கெட் சுவையற்ற ஜெலட்டினைக் கரைத்துச் சேர்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். முட்டைப் புரதம் வேறு வேலை செய்கிறது. சூட்டில் அது விரிந்து பின்னிக்கொண்டு, துண்டுகளுக்கு இடையில் உள்ள சாற்றை மென்மையான கட்டியாக்குகிறது. சாறு வெதுவெதுப்பாக ஆறிய பிறகே முட்டையை அடித்துக் கலக்க வேண்டும், கொதிக்கும் சாறில் போட்டால் அங்கேயே திரிந்துவிடும். ஊற்றிய பின் கால் மணி நேரம் ஊறவிட வேண்டும்.

மூடி வேகவைப்பது முதல் பாதி, திறந்து சிவக்கவைப்பது இரண்டாம் பாதி. 175 டிகிரி ஓவனில் அலுமினியத் தாளால் மூடிவைத்தால் நீராவி உள்ளேயே சுற்றி நடுப்பகுதி வரை சூடு போகும். பிறகு தாளை எடுத்துவிட்டு 200 டிகிரிக்கு ஏற்றினால் மேற்பரப்பின் ஈரம் ஆவியாகி அங்கே மயார் வினை தொடங்கும்.

இனி, இதை வான்கோழியின் வயிற்றுக்குள் அடைத்து வேகவைக்கலாமா என்ற கேள்வி. நெடுநாளைய வழக்கம் அது. நான் வேண்டாம் என்பேன், காரணம் இயற்பியல். ஓவனில் சூடு வெளியிலிருந்து உள்ளே போகிறது. திடமான பொருளுக்குள் சூடு கடத்தலால் மட்டும் நகரும்போது, தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். பறவையின் நடு வயிறுதான் அதில் கடைசியாகச் சூடாகும் இடம். வேகும் நேரம் முழுக்கப் பச்சைக் கறியின் சாறு அந்த பிரெட்டில் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சாறில் சால்மொனெல்லா, கேம்பைலோபேக்டர் என்ற நோய்க்கிருமிகள் இருக்கலாம். அதனால் ஸ்டஃபிங்கின் நடுப்பகுதியே 74 டிகிரியை எட்ட வேண்டும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. ஆனால் அது 74-ஐ எட்டுவதற்குள் வெளியே உள்ள மார்புக்கறி 80-ஐத் தாண்டிவிடும். மார்புக்கறியின் நார்கள் 65 டிகிரியைத் தாண்டியதிலிருந்தே சுருங்கித் தண்ணீரைப் பிழியத் தொடங்குபவை. அதாவது ஸ்டஃபிங்கைக் காப்பாற்றினால் வான்கோழி வறண்டுபோகும், வான்கோழியைக் காப்பாற்றினால் விருந்தாளியின் வயிறு கெடும்.

ஐந்து சென்டிமீட்டர் ஆழமுள்ள பாத்திரத்தில் இந்தச் சிக்கலே இல்லை. தெர்மாமீட்டரை நடுவில் குத்திப் பார்த்தால் விஷயம் முடிந்தது. வயிற்றுக்குள் வேகும்போது கிடைக்கும் வான்கோழிச் சுவை வேண்டுமென்றால், வறுத்த வான்கோழியின் அடியில் இறங்கிய, நன்றாக வெந்த சாற்றை மேலே ஊற்றலாம்.

மிச்சத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை அவசியம். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமியின் விதைவடிவம் வேகும் சூட்டையும் தாங்கும். பாத்திரம் மேசையில் மெதுவாக ஆறும்போது, 40-லிருந்து 50 டிகிரிக்குள், அது மிக வேகமாகப் பெருகும். அமெரிக்காவில் இந்தக் கிருமியால் வரும் உணவு நச்சுச் சம்பவங்கள் நவம்பர், டிசம்பர் மாதங்களில் அடிக்கடி நடப்பதற்குப் பெரிய பாத்திரங்களில் சமைக்கும் விருந்துகளும் காரணம். எனவே சாப்பிட்டு முடித்து அரட்டையில் உட்காரும் முன், இரண்டு மணி நேரத்துக்குள், ஸ்டஃபிங்கை ஆழமில்லாத பாத்திரங்களுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் அது இறுகி, கத்தியால் வெட்டும்படி இருக்கும். தடித்த வில்லைகளாக வெட்டி வெண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க வறுத்து, மேலே ஒரு முட்டையைப் பொரித்துப் போட்டுச் சாப்பிடலாம். வில்லையின் நடுப்பகுதி ஆவி பறக்கும் அளவுக்குச் சூடானதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.