ஆதார் காட்டுனா ஆளு நல்லவனாயிருவானா?

என்ற பெஞ்சு மேல ஒரு டிரான்ஸ்பார்மர் ஒரு மாசமா சும்மா ஒக்காந்திருக்குங்க. 230 வோல்ட்டை 100 வோல்ட்டா எறக்கித் தர்றது, 500 விஏ, கோயமுத்தூர் கணபதியில தெரிஞ்ச வைண்டிங் கடையில சொல்லி நல்ல காப்பர்ல சுத்தி வாங்குனது. திருப்பூர்ல பனியன் யூனிட் வெச்சிருக்கற ஒரு தம்பி கேட்டு செஞ்சது. "ங்ணா, ஜப்பான் ஆம்ப்ளிபயர் செட்டு ஒண்ணு வருதுங்ணா, அக்யூபேஸ் கம்பெனிது, நேரா நம்ம கரண்ட்டுல சொருகுனா வெந்துரும்ல, நீங்க டிரான்ஸ்பார்மர் ரெடி பண்ணி வெச்சிருங்க, பார்சல் வந்தவொடனே ஒங்க கடைக்குத்தான் கொண்டாருவேன்"னு சொல்லிட்டுப் போனாப்ல. வோல்டேஜ் வரைக்கும் யோசிக்கற ஆளு பாருங்க. டிரான்ஸ்பார்மர் வந்துருச்சு. ஆம்ப் வரல. வரவும் வராது. போன்லயே பேசி விக்கறேன்னவன் திருடன்.

மொதல்ல பிளாக் பண்ணி வெக்க 25,000. அப்பறம் மிச்ச வெலை 1,15,000. அதுக்கும் அப்பறம் லாரி ஆபீஸ்ல இன்சூரன்ஸ் கட்டோணும், பொருள் கைக்கு வந்ததும் திருப்பிக் குடுத்துருவாங்கன்னு சொல்லி 18,500. ஆக மொத்தம் 1,58,500 ரூவாயத் தாட்டி உட்டிருக்காப்ல. மறுக்கா ஒரு 22,000 கேட்டப்பத்தான் சந்தேகமே வந்து என்கிட்ட போனைக் காட்டறாப்ல. இந்த வருசத்துல இப்படி என்ற கடை ஸ்டூல்ல வந்து தலையில கை வெச்சு ஒக்காந்தவங்க இவரோட சேத்து ஏழு பேரு. ஒவ்வொருத்தருக்கா சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதனால ஒட்டுக்கா எழுதிப் போட்டர்றேன். நான் போலீசும் இல்ல கம்ப்யூட்டர் படிச்சவனும் இல்லீங்க, 26 வருசமா சாலிடரிங் அயர்ன் புடிக்கறவன், அதுக்கு முன்னால கோபி பக்கம் மைக்செட் கடையில கோயில் நோம்பிக்கு குழாய் ஸ்பீக்கர் கட்டிட்டுத் திரிஞ்சவன். ஆனா ஏமாந்தவங்க ஸ்டேசனுக்குப் போறதுக்கு முன்னால என்கிட்டத்தான் வர்றாங்க, என்ன ராசியோ.

ஏழு பேர்த்தையும் நான் கேட்டது ஒரே கேள்வி, எப்படீங்க நம்புனீங்க? பதிலும் ஒண்ணேதான். "ஆதார் கார்டு அனுப்பிச்சானுங்ணா."

அட சாமி!

சித்த பொறுமையா சொல்றேன், கேளுங்க. போன்ல வர்ற ஆதார் கார்டுங்கறது ஒரு போட்டோ. அது யாரு போன்ல வேணும்னாலும் இருக்கும். நீங்களே சிம் கார்டுக்குக் குடுத்திருப்பீங்க, பழனியில லாட்ஜ் போடறப்பக் குடுத்திருப்பீங்க, ஜெராக்ஸ் கடையில வாட்ஸ்அப்புல அனுப்பி பிரிண்ட் எடுத்திருப்பீங்க, அந்தக் கடைக்காரரு கம்ப்யூட்டர்ல இருந்து அத அழிச்சாரான்னு நின்னு பாத்தீங்களா? "இல்லீங்ணா, நான் செக் பண்ணிட்டேன், நம்பர் கரெக்டா இருக்குது"ன்னு ஒருத்தர் என்கிட்டயே சண்டைக்கு வந்தாரு. கரெக்டாத்தான் சாமி இருக்கும். கார்டு நெசம். கார்டுல இருக்கற மனுசனும் நெசம். அவரு எங்கியோ ஒரு ஊர்ல அவரு பொழப்பப் பாத்துட்டு இருக்காரு, உங்ககிட்ட பேசிட்டிருக்கறவன் அவரு இல்ல, அவ்வளவுதான். கார்டை செக் பண்ணுனா கார்டு செக் ஆகும், ஆளு எப்படிங்க செக் ஆவான்?

இதுல இன்னொரு கூத்து இருக்கு. அவன் கார்டை அனுப்புனவொடனே "சார் உங்களுதும் அனுப்புங்க, ரெண்டு பேர்த்துக்கும் சேப்டி"ம்பான். நம்மாளும் முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் லைட்டு நல்லா உழற மாதிரி போட்டோ புடிச்சு அனுப்பிருவாரு. அடுத்த மாசம் சேலத்துலயோ கரூர்லயோ ஒருத்தர் ஏமாறப் போறாரு, அவரு நம்பப் போற கார்டு உங்களுது. போலீஸ்காரங்க மொதல்ல யாரு ஊட்டுக் கதவத் தட்டுவாங்க? திருப்பூர் தம்பியும் அனுப்பிட்டாப்ல. இப்பப் பணம் போன வெசனத்த விட அந்த வெசனம்தான் அவருக்குப் பெருசா இருக்கு. குடுத்தே ஆகோணும்னா ஆதார் வெப்சைட்லயே மொத எட்டு நம்பர் மறைச்ச மாஸ்க்டு ஆதார் டவுன்லோடு பண்ணிக்கலாம், அத மட்டும் குடுங்க. ஒரு பழைய ஆம்ப் வாங்கறதுக்கு அதுவும் எதுக்குன்னுதான் எனக்குப் புரியல.

மிலிட்டரி ஐடி கார்டு, கேன்டீன் கார்டு, பாஸ்போர்ட்டு எல்லாத்துக்கும் இதே கததான். ஜிஎஸ்டி நம்பர் குடுத்தான்னா ஜிஎஸ்டி போர்ட்டல்ல போட்டுப் பாருங்க, காசு செலவில்ல. மொத ரெண்டு நம்பர் மாநிலம், தமிழ்நாடு 33, கர்நாடகா 29. பெங்களூர்ல ஷோரூம்னு சொன்னவன் 33ல ஆரம்பிக்கற நம்பர் குடுத்திருக்கான், ஏழுல ஒருத்தரு அதையும் பாக்காம உட்டுட்டாரு. நம்பர் சரியா இருந்தாலும் அது வேற எவரோட கடையாவும் இருக்கலாம், அவன் குடுத்த போன் நம்பர உட்டுட்டு நீங்களா அந்தக் கடை நம்பரத் தேடிப் புடிச்சுக் கூப்புட்டுக் கேளுங்க. வெப்சைட்டுல பூட்டுப் படம் இருக்குதுன்னு ஒருத்தரு சொன்னாரு. நீங்க அனுப்பறத நடுவுல எவனும் படிக்க முடியாதுங்கறதுக்குத்தாங்க அந்தப் பூட்டு, கடைக்காரன் யோக்கியன்னு சொல்றதுக்கில்ல. திருடன் ஊட்டுக்கும் பூட்டுப் போடலாம்ல.

2012ல ஈமு கோழிப் பண்ணையில போட்ட பணத்தக் கம்பெனிக்காரங்க முழுங்குனதப் பாத்த ஊருங்க இது. அப்பவும் அக்ரிமெண்ட் பேப்பரெல்லாம் பக்காவாத்தான் இருந்துச்சு.

நம்ம ஆளுங்களுக்கு சூதானம் இல்லீன்னு சொல்ல மாட்டேன். பொள்ளாச்சி சந்தைக்குப் போயி மாடு வாங்கறப்ப பல்லைப் புடிச்சுப் பாக்கறோம், நடக்க உட்டுப் பாக்கறோம், சுழி பாக்கறோம், அப்பறந்தான் துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு வெலை பேசறோம். மாட்டுக்காரன் ரேசன் கார்டக் காட்டுனான்னு எவனாச்சும் மாட்டப் புடிச்சுட்டு வந்திருக்கானா? ஆனா போன்ல மட்டும் மாட்டை உட்டுட்டு ரேசன் கார்டைத்தான் பாக்கறோம்.

அந்தத் தம்பிக்கு வந்த போட்டோவ வாங்கிப் பெருசு பண்ணிப் பாத்தேன். அஞ்சு நிமிசங்கூட ஆகல. ஜப்பான் செட்டு, 100 வோல்ட்டுன்னு சொல்லியிருக்கான். பின் பேனல்ல பிரிண்ட் ஆயிருக்கறது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அது அமெரிக்காவுக்குப் போன செட்டு. சரி, அமெரிக்காவுல இருந்து கொண்டாந்திருக்கலாம்னு வெச்சுக்குவோம். சுவத்துல இருக்கற பிளக் பாயிண்ட்டப் பாருங்க, தட்டையா ரெண்டு ஓட்டை. நம்மூர்ல உருண்டை ஓட்டைதான. இன்னொரு போட்டோவுல தரை பூரா கார்ப்பெட்டு, பின்னால சுவத்துக்குள்ள வெறகு போட்டுக் குளிர் காயற அடுப்பு. இது உடுமலப்பேட்டையில அவங்க ஊட்டு ஹால்ல எடுத்ததாம்! உடுமலையில எந்த ஊட்டுலீங்க குளிர் காயறதுக்கு ஹால்ல அடுப்புக் கட்டியிருக்காங்க? எவனோ வெளிநாட்டுக்காரன் போட்ட வெளம்பரத்துல இருந்து சுட்டது. கூகுள் லென்ஸ்ல போட்டா பாதிக்கு மேல மாட்டிக்கும்.

நேர்ல வந்து பாக்கறேன்னு தம்பி கேக்காம இல்ல. அப்பாவ கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம், ஊடு பூட்டிக் கெடக்குதுன்னு பதில் வந்திருக்கு. ஊட்டுல ஆள் இல்ல, ஆனா லாரி ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போயி புக் பண்ண மட்டும் ஆள் இருக்குது. அந்த லாரி ரசீதையும் காட்டுனாப்ல, எடை 6 கிலோன்னு போட்டிருக்கு. அக்யூபேஸ் ஆம்பு 20 கிலோ பக்கம் வருங்க, உள்ள இருக்கற டிரான்ஸ்பார்மரே நல்ல கனம் இருக்கும். அந்த ரசீது நம்பர லாரி ஆபீசுக்கே கூப்புட்டுக் கேட்டிருந்தா அன்னைக்கே 18,500 மிச்சம்.

போட்டோவ நம்பாதீங்க, வீடியோ கால் கேளுங்க. பேரு தேதி எழுதுன சீட்டைச் செட்டு மேல வெச்சுப் போட்டோ கேக்கறதெல்லாம் பழைய டெக்னிக்கு, இப்ப அதையும் ஏஐல நிமிசத்துல பண்ணிர்றானுங்க. வீடியோ கால்ல செட்டை ஆஃப் பண்ணி மறுக்கா ஆன் பண்ணச் சொல்லுங்க. ஸ்பீக்கரக் காப்பாத்தற புரொட்டக்சன் ரிலே இருக்கற ஆம்ப்ல ஆன் பண்ணி ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு உள்ள 'டொக்'குனு ஒரு சத்தம் கேக்கும், அதுக்கப்பறந்தான் பாட்டு வரும். அந்த டொக்க நான் வாசப்படியில நின்னாலே கண்டுபுடிப்பேன். பேலன்ஸ் நாப்ப லெப்டு ரைட்டு திருப்பச் சொல்லுங்க, பின்னால சீரியல் நம்பரக் காட்டச் சொல்லுங்க. இத்தன கேட்டா "நெட்வொர்க் சரியில்ல சார்"னு ஆரம்பிப்பான். அத்தோட கட் பண்ணிருங்க.

எனக்குத் தெரிஞ்ச இன்னொரு வழி இருக்கு, எதுலயும் எழுதியிருக்க மாட்டாங்க. அவன்கிட்ட சும்மா பேச்சுக் குடுங்க. நெசமாலுமே இந்தப் பைத்தியம் புடிச்சவன் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான். எந்த ஸ்பீக்கரோட சேரும், எதோட சேராது, வால்யூம் திருப்பறப்ப லெப்டு சேனல்ல கரகரங்கும், காண்டாக்ட் கிளீனர் அடிச்சா சரியாயிருது, மூலையில ஒரு கீறல் இருக்கு, அது எம்பையன் பண்ணுனதுன்னு கொறையத்தான் மொதல்ல சொல்லுவான். பொள்ளாச்சியில ஒரு பெரியவர் ஊட்டுக்கு குவாட் 303ங்கற ஆம்ப் வாங்கப் போனேன், 1967ல வந்த மாடல். காப்பி குடுத்தாரு, ரெண்டு மணி நேரம் பாட்டுப் போட்டுக் காட்டுனாரு, கடைசியில "தம்பி கோச்சுக்காதீங்க, குடுக்க மனசு வரல"ன்னு அனுப்பி உட்டுட்டாரு. எனக்கு பொக்குனு போச்சு, ஆனா அப்பேர்ப்பட்ட ஆளுகிட்ட ஏமாற மாட்டீங்க. திருட்டுப் பயலுக்கு இதெல்லாம் தெரியாது. 'மின்ட் கண்டிசன்', 'இன்னும் ரெண்டு பேரு கேக்கறாங்க', 'ஜிபே பண்றீங்களா', இந்த மூணத் தாண்டி வாயில வேற வராது.

வேணும்னு நீங்க குரூப்புல ஒரு போஸ்ட் போட்டு பத்து நிமிசத்துல எவனாவது இன்பாக்ஸ்ல வந்து "என் பிரண்டுகிட்ட அதே மாடல் இருக்கு"ன்னா அங்கியே உசாராயிக்கோங்க. பணம் அனுப்பற ஸ்கிரீன்ல பேங்க்ல இருக்கற பேரு வரும், அது அவன் சொன்ன பேரோட ஒத்துப் போகலீன்னா "மச்சான் அக்கவுண்ட்டு சார்"ம்பான். வேண்டாங்க. அந்த மச்சான் பெரும்பாலும் கமிசனுக்கு அக்கவுண்ட்டக் குடுத்துட்டு முழிக்கற காலேஜ் பையனா இருப்பான். உங்க ஊட்டுப் பசங்ககிட்டயும் சொல்லி வைங்க, அக்கவுண்ட்டக் குடுத்தா அவனும் கேசுல உள்ள போவான்.

விக்கற ஆளுகளுக்கு ஒரே வரி. பணம் வாங்கறதுக்கு க்யூஆரை ஸ்கேன் பண்ணவும் வேண்டாம், பின் நம்பர் அடிக்கவும் வேண்டாம். மிலிட்டரியில இருக்கேன், பணம் போடறேன், ஸ்கேன் பண்ணுங்கன்னு எவன் சொன்னாலும் போன வைங்க.

நேர்லயே போயிப் பாத்தாலும் ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போங்க, என்னையத்தான்னு இல்ல, யாரையாவது. ஸ்பீக்கர் டெர்மினல்ல மீட்டர் வெச்சு டிசி வோல்டேஜ் பாத்தா 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருக்கோணும், வோல்ட் கணக்குல வந்தா உங்க ஸ்பீக்கரச் சாப்புட்டுரும். மூடியக் கழட்டி 5200, 1943ங்கற அவுட்புட் டிரான்சிஸ்டர் ஜோடிய மாத்தியிருக்காங்களான்னு பாருங்க, டோசிபான்னு பிரிண்ட் போட்ட டூப்ளிகேட்டு மார்க்கெட்டுல அவ்வளவு கெடக்குது. பத்து பதினஞ்சு வருசம் தாண்டுன ஸ்பீக்கர்னா கோனோட ஓரத்துல இருக்கற ஃபோம் வளையத்த வெரலால லேசா அமுத்துங்க, பிஸ்கட்டாட்டம் உதுந்தா வெலையக் கொறைங்க. இது மோசடி இல்ல, வயசு.

ஏமாந்துட்டீங்களா? வெக்கப்பட்டுட்டு ஒக்காராதீங்க, தயவுசெஞ்சு. அந்த நிமிசமே 1930க்குப் போன் பண்ணுங்க, பேங்க்குக்கும் சொல்லுங்க. பணம் அடுத்தடுத்த அக்கவுண்ட்டுக்குத் தாவறதுக்குள்ள சொன்னா நிறுத்தி வெக்க வாய்ப்பிருக்கு, ஒரு வாரம் கழிச்சு வந்தா என்னத்த நிறுத்தறது? சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல கம்ப்ளைண்ட் போடுங்க, அந்த 12 நம்பர் யூபிஐ ரெபரன்ஸ எடுத்து வைங்க, கோவத்துல சாட்டை அழிச்சுப் போடாதீங்க. போன பணத்த மீட்டுத் தர்றேன், பீஸ் மட்டும் கட்டுங்கன்னு ஒருத்தன் வருவான் பாருங்க, அவன் மொதல்ல வந்தவனோட பங்காளி. 420ன்னு திட்டறமே, 2024 ஜூலையில இருந்து அது 318 ஆயிருச்சாம். செக்சன்தான் மாறுச்சு, ஆளுக அப்படியேதான் இருக்கானுங்க.

தம்பி 1930க்குப் போன் பண்ணறப்ப மொதப் பணம் போயி 19 நாளு. கம்ப்ளைண்ட் போட்டிருக்கு, இதுவரைக்கும் ஒண்ணும் வரல. டிரான்ஸ்பார்மர எடுத்துட்டுப் போங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன், "இருக்கட்டுங்ணா, அதப் பாத்தா வயிறு எரியுது"ன்னுட்டாப்ல. அட்டாலியில ஏத்தி வெக்கலாம்னு பாத்தா அநியாய எடை. 100 வோல்ட் ஜப்பான் செட்டு வெச்சிருக்கறவங்க யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, சுத்துன கூலிக்கே குடுத்தர்றேன், காச அந்தத் தம்பிகிட்ட சேத்திருவேன். ஆனா அட்வான்ஸ் எதுவும் அனுப்ப வேண்டாம். நேர்ல வாங்க, மீட்டர் வெச்சுப் பாருங்க, அப்பறம் எடுத்துட்டுப் போங்க.