விழுங்க முடியாத எதிரி

இருமலும் இளைப்புமாக மருத்துவரிடம் போய், ரத்தப் பரிசோதனை முடிந்ததும் "ஈஸ்னோபில் கூடியிருக்கிறது" என்ற பதிலோடு திரும்பியவர்கள் நம்மில் நிறைய பேர். ஈஸ்னோபில் என்பது நோயல்ல, வெள்ளையணுக்களில் ஒரு வகை. ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்வதை வைத்து 1879-ல் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் இவற்றைக் கண்டறிந்தார். நலமாக இருப்பவரின் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இவை பொதுவாக 500-ஐத் தாண்டாது. உடலுக்குள் புழு புகுந்தால் ஆயிரக்கணக்கில் ஏறிவிடும்.

பாக்டீரியா என்றால் வெள்ளையணு அப்படியே விழுங்கிச் செரித்துவிடும். புழுவிடம் அது நடக்காது. கொக்கிப்புழுவே ஒரு சென்டிமீட்டர் இருக்கும். நாக்குப்பூச்சி ஒரு சாணுக்கு மேலும் வளரும். வெள்ளையணுவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. சரி, தின்ன முடியாததை என்ன செய்வது? வெளியே தள்ள வேண்டியதுதான்.

அந்த வேலை தொடங்கும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. குடலின் உட்சுவரில், தலையில் குஞ்சம் கட்டியதுபோல அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள் உண்டு. நாக்கில் சுவை அறியும் அதே கருவிகள் இவற்றிலும் இருக்கின்றன. இவை எதற்காக என்று பல பத்தாண்டுகளாகத் தெரியாமலே இருந்தது. 2016-ல்தான் எலிகளில் விடை கிடைத்தது: புழு வந்ததை உணர்ந்து, இன்டர்லூக்கின்-25 என்ற சமிக்ஞையை வெளியிடுபவை இவைதான். அது பக்கத்தில் காத்திருக்கும் ஒருவகை லிம்போசைட்டுகளை (இவையும் வெள்ளையணுக்களே) எழுப்புகிறது. அவை இன்டர்லூக்கின்-13-ஐச் சுரக்கின்றன. உடனே குடலின் மூலச்செல்கள் சளி சுரக்கும் செல்களையும் குஞ்ச செல்களையும் கூடுதலாகப் பெற்றெடுக்கின்றன. குஞ்ச செல் பெருகப் பெருக சமிக்ஞையும் பெருகும். சளி வழுக்க, குடல் தசை இறுகித் தள்ள, புழு பிடி நழுவி வெளியேறுகிறது. எலியைத் தாக்கும் கொக்கிப்புழு வகை ஒன்று ஏறக்குறைய பத்தே நாளில் இப்படித் துரத்தப்படுகிறது.

ஈஸ்னோபில்களின் களம் பெரும்பாலும் திசுக்களுக்குள். எதிர்ப்பொருள் (அந்நியரை அடையாளம் காட்ட உடல் உண்டாக்கும் புரதம்) ஒட்டிய புழுக்குஞ்சின் மேல் மொய்த்து, தங்களுக்குள் பொட்டலமாக வைத்திருக்கும் நச்சுப் புரதங்களை அதன் தோலில் கொட்டுகின்றன. அந்த நச்சு நம் திசுவையும் விடாது. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் சிக்கிக்கொள்ளும்போது சிலருக்கு எண்ணிக்கை 3000-ஐத் தாண்டி, இரவில் இருமலும் இளைப்பும் வாட்டும். ஆனால் கூடியிருக்கிறது என்றாலே புழு என்று முடிவுகட்டக் கூடாது. ஒவ்வாமையிலும் இவை கூடும்.

இவ்வளவு இருந்தும், மனிதரின் கொக்கிப்புழு ஆண்டுக்கணக்கில் குடலில் தங்கிவிடுகிறது. புழுக்களும் சும்மா இருப்பதில்லை. எலிக்குடலில் வாழும் ஒரு புழு, "போதும், அடங்கு" என்று உடல் தன் படைக்கே சொல்லப் பயன்படுத்தும் புரதத்தின் வேலையைச் செய்யும் வேறொரு புரதத்தைச் சுரக்கிறது. இரண்டுக்கும் உருவத்தில் ஒற்றுமையே இல்லை. ஆனாலும் லிம்போசைட்டுகள் அதை நம்பி அடங்கிப்போகின்றன.