முன்னால் ஒன்றுமில்லை, பிறகு ஏன் நின்றோம்?

“சார், சத்துவாச்சாரி தாண்டி அரை கிலோமீட்டர் ஊர்ந்து ஊர்ந்து வந்தோம். கிரீன் சர்க்கிள் வந்து பார்த்தா விபத்தும் இல்ல, மாடும் குறுக்க நிக்கல. எதுக்கு நின்னோம்?”

போக்குவரத்துக் கணக்கெடுப்பு என் தொழில் என்று தெரிந்ததும் வேலூரில் பலர் கேட்பது இதைத்தான். தடை எதுவும் இல்லாமலே நெரிசல் உருவாகும் என்பதை ஜப்பானில் சோதித்தே காட்டினார்கள். 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் கிடையாது, குறுக்குச் சாலை கிடையாது. கொஞ்ச நேரத்திலேயே சில கார்கள் நின்றுவிட்டன. அந்த நெரிசல் அலைபோல மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. ஆய்வு 2008-ல் வெளியானது.

நாம் பொதுவாக எண்ணுவது வண்டிகளை. மணிக்கு எத்தனை, சராசரி வேகம் என்ன, அவ்வளவுதான். சராசரி ஏமாற்றும். ஓரிடத்தில் எல்லா வண்டியும் மணிக்கு 28 கி.மீ.க்கும் 32 கி.மீ.க்கும் நடுவே போகின்றன. இன்னோரிடத்தில் 5-க்கு இறங்கி 55-க்கு ஏறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சராசரி 30 என்றே வரலாம். ஆபத்து இரண்டாவதில்தான். அதனால் வேகம் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்பதையும் கணக்கிட வேண்டும்.

இன்னும் கூர்மையான அளவு ஒன்று உண்டு. அடுத்தடுத்துப் போகும் நாலைந்து வண்டிகளின் வேகத்தை ஜிபிஎஸ் கொண்டு விநாடிக்கு விநாடி பதிய வேண்டும். முதல் வண்டி பிரேக்கைத் தொட்டு 5 கி.மீ. வேகம் குறைக்கிறது. அடுத்தது 8, அதற்கடுத்தது 12 குறைத்தால் ஓட்டம் நிலைகுலைந்திருக்கிறது. பின்னால் எங்கோ ஒருவர் முழுதாக நிற்பார். 5, 4, 3 என்று தேய்ந்தால் அந்தச் சாலை அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. வண்டிகள் எத்தனை நெருங்கினால் இந்தத் தேய்வு வளர்ச்சியாக மாறுகிறது என்பதே ஒவ்வொரு சாலைக்கும் தெரிய வேண்டிய எண். நம் சாலையில் லாரி, ஆட்டோ, பைக் எல்லாம் கலந்து ஓடுகின்றன; வெளிநாட்டு எண்ணை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. இங்கேயே நின்று அளக்க வேண்டும்.

என்னை உறுத்துவது அலையின் வால், அதாவது நெரிசலின் பின் முனை. நெரிசலின் காரணம் முன்னால் எங்கோ கரைந்து போயிருக்கும். வாலில் வந்து மோதுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. சிஎம்சி மருத்துவமனைக்கு விரையும் ஆம்புலன்சும் இந்த வாலில்தான் மாட்டிக்கொள்கிறது.

இடைவெளிதான் மருந்து. மணிக்கு 60-ல் போனால் 2 விநாடி இடைவெளி என்பது சுமார் 33 மீட்டர். முன் வண்டியை மட்டும் பார்க்காமல் அதற்கும் முன்னால் போவதன் பிரேக் விளக்கைப் பாருங்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெரும்பாலும் போதும். “இடைவெளி விட்டா பைக்காரன் புகுந்துடுறானே” என்பார்கள். புகுந்துவிட்டுப் போகட்டும், மறுபடி இடைவெளி விடுங்கள். ஒருவர் புகுந்தால் உங்களுக்கு ஏறக்குறைய 2 விநாடி நஷ்டம். வழியில் பத்துப் பேர் புகுந்தாலும் பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கு 20 விநாடி பிந்திப் போவீர்கள், அவ்வளவுதான்.