அலாரம்: சொல் விளக்கம்

ஆபரேட்டர் உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்று ஆலையின் கட்டுப்பாட்டு மென்பொருள் தெரிவிக்கும் அறிவிப்புதான் அலாரம். அது மணியாக ஒலிக்கலாம், திரையில் சிவப்பு வரியாக மின்னலாம். 'செய்தாக வேண்டும்' என்பதுதான் சொல்லின் உயிர். அலாரம் மேலாண்மைக்காக ஐஎஸ்ஏ (பன்னாட்டுத் தானியக்கச் சங்கம்) வெளியிட்ட 18.2 தரநிலையும் (2009, திருத்தப்பட்டது 2016) குறித்த நேரத்துக்குள் ஆபரேட்டரின் செயலைக் கோருவதையே அலாரம் என்கிறது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தால் போதும் என்ற நிலைக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

சொல் பிறந்தது இத்தாலியப் போர்க்களத்தில். 'அல்லார்மே' என்றால் 'ஆயுதம் எடுங்கள்' என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து கடிகாரத்தோடும் தொழிற்சாலையோடும் நம்மிடம் வந்தது. மலையாளத்திலும் தெலுங்கிலும் அலாரம் அலாரமே.

தமிழில் இதற்குப் பெரும்பாலோர் எழுதுவது 'எச்சரிக்கை'. நல்ல சொல்தான், ஆனால் அதன் வேர் வேறு. கன்னடத்தில் 'எச்சர' என்றால் விழிப்பு, தெலுங்கில் 'ஹெச்சரிக'. 'விழித்திரு' என்பது ஒரு கட்டளை, 'ஆயுதம் எடு' என்பது இன்னொரு கட்டளை. திரையிலோ வார்னிங், அலாரம் என்று இரண்டு வகுப்புகள் இருக்கின்றன. இரண்டுக்கும் 'எச்சரிக்கை' என்றே போட்டுவிட்டால் வேறுபாடு அழிந்துவிடும். ஓர் இண்டக்ஷன் உலையின் குளிர்நீர் 50 டிகிரியில் வார்னிங், 55-இல் அலாரம், 60-இல் ட்ரிப் (உலை தானாக நின்றுவிடுவது) என்று வைத்திருப்பதாகக் கொள்வோம். 50-க்கும் 55-க்கும் ஒரே தலைப்பு வந்தால், முதலாவதைப் பார்த்துப் பழகிய கண் இரண்டாவதையும் அப்படியே கடந்துபோகும். அடுத்தது ட்ரிப்தான்.

கேரள எல்லைப் பகுதியில் இன்னொரு குழியும் உண்டு. வாளையாரைத் தாண்டி கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களின் திரை மலையாளப் பட்டியலிலிருந்து தமிழாக்கப்படும்போது, வார்னிங்குக்கான 'முன்னறியிப்பு' அப்படியே 'முன்னறிவிப்பு' ஆகிவிடுகிறது. தமிழில் அது வானிலைக்கும் கூட்டத்துக்கும் சொல்வது. அதில் அவசரம் இல்லை. 'வெள்ளம்' இன்னும் மோசம். மலையாளத்தில் அது தண்ணீர், பாலக்காட்டுத் தமிழர் பலருக்கும் தண்ணீர்தான், கோயம்புத்தூரிலிருந்து வருகிறவருக்கு ஊரை மூழ்கடிப்பது. திரையில் 'தண்ணீர்' என்றே எழுதுங்கள். ஆந்திர எல்லையில், தடா, ஸ்ரீசிட்டி பக்கம் 'ஹெச்சரிக', 'எச்சரிக்கை' இரண்டும் பொருந்திவிடுவதால் இந்தச் சொல்லில் அங்கே சிக்கல் குறைவு.

எங்கள் பரிந்துரை: அலாரத்துக்கு 'அபாய அறிவிப்பு', வார்னிங்குக்கு 'எச்சரிக்கை', பதிவுக்காக மட்டும் காட்டப்படும் ஈவன்ட்டுக்கு 'நிகழ்வு'. 'அபாயம்' தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்று மொழிக்காரர்களுக்கும் புரியும். எல்லா அலாரமும் அபாயமா என்று கேட்கலாம். ஆளுக்கோ இயந்திரத்துக்கோ சரக்குக்கோ கேடு இல்லையென்றால் அதை எச்சரிக்கைப் பட்டியலுக்கு இறக்குங்கள். ஓர் ஆபரேட்டருக்குச் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஓர் அலாரம் என்பதுதான் துறையில் ஏற்றுக்கொண்ட அளவு. அதற்குள் நிற்க இந்தச் சொல்லே ஒரு சல்லடையாக உதவும்.

அலாரத்தைக் கண்டதாக ஆபரேட்டர் தெரிவிக்கும் 'அக்னாலெட்ஜ்' பொத்தானில் 'சரி' என்று எழுதவே கூடாது. கோளாறு சரியாகிவிட்டது என்று பொருள்பட்டுவிடும். 'ஏற்கிறேன்' பரவாயில்லை. 'பார்த்தேன்' என்பதே துல்லியம், ஏனென்றால் அந்தப் பொத்தானுக்கு அதற்கு மேல் வேலை இல்லை. ரீசெட்டுக்கு 'மீட்டமை'.

சொற்கள் முடிவான பிறகே மென்பொருளில் கைவைக்க வேண்டும். திட்டத்தில் மொழிகளைச் சேர்த்து, உரைகளை எக்செல் கோப்பாக எடுத்து, தமிழ்ப் பத்தியை நிரப்பி, திரும்ப ஏற்றுவதே வழக்கமான வழி. கோப்பைச் சாதாரண சிஎஸ்வி ஆகச் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும், மீட்க முடியாது. மென்பொருள் கேட்பதற்கேற்ப எக்செல் வடிவிலோ யூனிகோடு உரையாகவோ வையுங்கள். உரைக்கு நடுவே அளவீட்டு மதிப்பு வந்து அமரும் குறிகள் (நெளி அடைப்புக்குள் எண், சதவீதக் குறி போன்றவை) இருக்கும். அவற்றை இடம் மாற்றலாம், அழிக்கக் கூடாது. அழிந்தால் 'வெப்பம் டிகிரி' என்று எண் இல்லாத வரி வரும். மொழி மாற்றும் பொத்தானுக்கு விண்டோஸின் மொழி எண்ணைக் கேட்கும் மென்பொருள்கள் உண்டு: தமிழ் 1097, தெலுங்கு 1098, மலையாளம் 1100. இடையிலுள்ள 1099 கன்னடம். வரிசை என்று நினைத்து மலையாளத்துக்கு அதை இட்டுவிட்டால், கன்னடம் சேர்க்காத திட்டத்தில் மலையாளத் திரை வரவே வராது.

நீளம்தான் பலரும் தவறவிடும் இடம். 'நிறுத்து' கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோடில் 8 குறியீடுகள், அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 24 பைட். பிஎல்சியில் (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) உரையை வைக்கும் 82 பைட் சர மாறிக்குள் 27 குறியீடுகளே அடங்கும். அதற்கு மேல் வரி பாதி எழுத்தில் அறுந்துபோகும். ஆகவே பிஎல்சியிலிருந்து எண்ணை மட்டும் அனுப்பி, உரையைத் திரைப் பக்கத்தில் வையுங்கள். அந்த அலாரம் எண்ணை ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் காட்டுங்கள். தமிழ்த் திரையில் 117 என்று பார்ப்பவரும் மலையாளத் திரையில் 117 என்று பார்ப்பவரும் போனில் ஒரே கோளாறைத்தான் பேசுவார்கள்.

எழுத்துருவுக்கு, விண்டோஸ் 8 முதல் வரும் நிர்மலா யூஐ மூன்று மொழிக்கும் போதும். ஆனால் கணினியில் நன்றாகத் தெரிவது சிறிய பேனலில் உடையலாம். எழுத்துகளைக் கோத்துக் காட்டும் திறன் அதில் இல்லையென்றால் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியே, புள்ளி வட்டத்தோடு நிற்கும். வாங்கும் முன்பே 'கொதிகலன் கோளாறு, ஸ்ரீசிட்டி' என்ற வரியை அந்தப் பேனலில் ஓடவிட்டுப் பாருங்கள். மொழிபெயர்க்காத வரி ஒன்றையும் வேண்டுமென்றே விட்டுவையுங்கள்: அந்த இடத்தில் ஆங்கிலம் வந்தால் நல்லது, வெற்றிடம் வந்தால் மாற்றுமொழி அமைப்பைத் திருத்திய பிறகே திரையை ஷிஃப்ட்காரர்களிடம் கொடுக்க வேண்டும்.